இறங்குவதற்கென்றே ஒரு சைக்கிள்

அந்த வாடகைக் கார் ஓட்டுநரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. பேசிய தொகை ஒன்று. சைக்கிள் இருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்ததும் அது ஒன்றரை மடங்கு ஆனது. "பெரிய சாமான்" என்றார். பின்னிருக்கையை மடித்தவன் நான், பெட்டியைத் தூக்கி உள்ளே திணித்தவனும் நான். அவர் கைப்பேசியில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார். சைக்கிளோடு மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டின் டிக்கெட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு மலையடிவாரம் சேரும் முன்பே கரைந்தது.

ஏற்கெனவே கையிருப்பு மெலிந்துதான் இருந்தது. முன்னும் பின்னும் 180 மி.மீ. அமிழும் சஸ்பென்ஷன் உள்ள ஃப்ரீரைடு சைக்கிள் (கரடுமுரடான மலைச்சரிவில் இறங்கவும் தாவவும் செய்தது) என்றால் வாங்கியதோடு செலவு முடியாது. பின்பக்கம் காயில் ஷாக், அதாவது உலோகச் சுருள் ஸ்பிரிங் கொண்ட அதிர்வு தாங்கி. ஆள் ஏறி நின்றால் அதன் மொத்த ஓட்டத்தில் (அமிழக்கூடிய நீளத்தில்) 30 சதவீதம் அமிழ வேண்டும்; எனக்கு 22-ஐத் தாண்டவில்லை. காற்று ஷாக்காக இருந்தால் பம்பை வைத்துச் சரிசெய்துவிடலாம். காயிலில் அந்த வேலை நடக்காது. ஸ்பிரிங்கை இறுக்கும் கழுத்து வளையத்தைத் திருகுவதால் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது, ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். வேறு ஸ்பிரிங், வேறு பில்.

பாதை விவரம், தங்குமிடம், செலவுக் கணக்கு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சைக்கிளைப் பற்றிப் பேசாமல் அதற்குள் போக முடியவில்லை.

லிஃப்ட் விடும் இடத்திலிருந்து மேல் பாதைக்குச் சற்று தூரம் மிதித்து ஏற வேண்டும். அங்கேயே இந்த வண்டியின் குணம் தெரிந்துவிட்டது. எடை 17 கிலோ. முன்பக்கக் கோணம் (ஹேண்டில் தண்டு தரையோடு சாய்ந்திருக்கும் கோணம்) 63 டிகிரி என்பதால் ஏற்றத்தில் முன்சக்கரம் இடமும் வலமுமாக அலைகிறது. சங்கிலியை மேலே தாங்கும் சிறு பற்சக்கரம் ஒவ்வொரு மிதிக்கும் முனகுகிறது. என்னைவிட மூத்த ஒருவர் இலகுவான சைக்கிளில் சிரித்தபடி தாண்டிப் போனார்.

எளிதான பாதையில் இறங்கியபோதும் ஏமாற்றமே. மெதுவாகப் போனால் இது மந்தமான சைக்கிள், தரையின் மேடுபள்ளமே உடலுக்குத் தெரிவதில்லை. இதற்கா இவ்வளவு பணம் என்று எரிச்சல் வந்தது.

பிறகு வேர்களும் கற்களும் நிறைந்த செங்குத்துச் சரிவு வந்தது. பழைய சைக்கிளில் இப்படிப்பட்ட இடத்தில் பின்சக்கரம் ஒவ்வொரு வேரிலும் இடித்து நிற்கப் பார்க்கும். இதில் பின்சக்கரத்தைத் தாங்கும் கை சட்டகத்தோடு சேரும் சுழல் அச்சு உயரத்தில் இருப்பதால், இடி பட்டதும் பின்சக்கரம் மேலே மட்டுமல்ல, பின்னாலும் விலகுகிறது. வேகம் குறைவதில்லை. பிரேக்கை விட்டேன். சைக்கிள் இன்னும் அமைதியானது! வேகம் கூடக் கூட நிதானப்படும் வண்டியை நான் இதற்கு முன் ஓட்டியதில்லை. கீழே வந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாயில், எவ்வளவு அமிழ்ந்தது என்று காட்டும் ரப்பர் வளையத்தைப் பார்த்தேன். உச்சிக்கு ஒரு விரலகலம் கீழே நின்றிருந்தது. கிட்டத்தட்ட அத்தனை ஓட்டமும் செலவாகியிருக்கிறது. கைக்கு ஓர் அடிகூடத் தெரியவில்லை.

தாவல்களில் மட்டும் பழக வேண்டியிருந்தது. மேட்டின் விளிம்பில் நாம் கொடுக்கும் உந்துதலைச் சஸ்பென்ஷன் பாதி விழுங்கிவிடுகிறது. முதல் தாவலில், உச்சி தட்டையான மேசை மேட்டின் நடுவிலேயே தொப்பென்று இறங்கினேன். பின் ஷாக்கின் ரீபவுண்டை (அமிழ்ந்தபின் திரும்பி எழும் வேகத்தை) இரண்டு கிளிக் விரைவாக்கி, விளிம்பில் காலை அழுத்தி உதைத்த பிறகுதான் மறுசரிவில் சக்கரம் பட்டது. அந்த மிருதுவான இறக்கத்துக்காக மறுபடி மறுபடி லிஃப்ட் வரிசையில் நின்றேன், பர்ஸைப் பார்க்காமல்.

1990-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வான்கூவரின் நார்த் ஷோர் காடுகளில் மரப்பாலங்கள் கட்டி ஓட்டியவர்களுக்கு இவ்வளவு சஸ்பென்ஷன் கிடையாது. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வர்ஜினில் ராம்பேஜ் என்ற ஃப்ரீரைடு போட்டி தொடங்கியபோதும் இப்படிப்பட்ட வடிவக்கோணங்கள் இல்லை. அவர்களுடைய முழங்கால்களை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. இரட்டைக் கிரவுன் ஃபோர்க் (குழாய்களை ஒன்றுக்குப் பதில் இரண்டு இடத்தில் பிணைத்தது) இன்னும் உறுதியானது, உண்மைதான். ஆனால் அதன் குழாய்கள் சட்டகத்தில் முட்டும், ஹேண்டில்பாரை முழுச் சுற்றுச் சுற்ற முடியாது. 38 மி.மீ. குழாய் கொண்ட ஒற்றைக் கிரவுனே எனக்குப் போதும்.

வண்டியோடு வந்த பிரேக் கட்டைகள்தான் மகா மட்டம். ஆர்கானிக் வகை, அதாவது பிசினால் பிணைத்த நார்க் கலவை. நீண்ட இறக்கத்தின் பாதியில் கருகல் வாடை வந்தது, லீவரை இழுத்தும் பிடிப்பு மங்கியது. நான்கு பிஸ்டன், 220 மி.மீ. தட்டு என்று கொடுத்துவிட்டுக் கட்டையில் கஞ்சத்தனம் செய்வது என்ன நியாயம்? உலோகக் கட்டைகளை முதல் நாளே மாட்டிவிடுங்கள்.

பக்கத்தில் லிஃப்டோ, மேலே ஏற்றிவிட ஒரு வண்டியோ இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். 150 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் போதும், அதில் ஏறவும் முடியும். எனக்கு அடுத்த செலவு பின் டயர். அதன் நடுவரிசைப் புடைப்புகள் இப்போதே மழுங்கிவிட்டன.