நீ சொல்லு தாயி, நான் விடணுமா வேணாமா?

குடிய விடுறதுக்கு எங்கிட்ட ஆலோசனைக்கு வந்த பாம்பன் பக்கத்து அண்ணன் ஒருத்தர் கேட்ட கேள்வி இது, இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. நான் பதில் சொல்லல. "உங்களுக்கு என்னண்ணே தோணுது"ன்னு திருப்பிக் கேட்டேன்.

மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது, 61 நாளும் ஆம்பளைங்க கரையிலதான், அப்பதான் வீட்டுக்காரம்மாங்க இழுத்துட்டு வருவாங்க. அவர் சம்சாரமும் "ஈரல் வெந்துரும்னு நல்லா பயமுறுத்தி விடுங்க மேடம்"னு சொல்லித்தான் வெளிய உக்காந்தாங்க. நான் பயமுறுத்தல. நாம விடு விடுன்னு தள்ளுனா அவங்க விட முடியாததுக்குத்தான் காரணம் சொல்லுவாங்க, சொல்லச் சொல்ல அதுவே அவங்களுக்கு உறுதியாயிரும், அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-லயே எழுதினதுதான், நானும் கண்ணால பாத்துட்டுத்தான் இருக்கேன்.

குடிய விடுறது எவ்வளவு முக்கியம், 0-ல இருந்து 10-க்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கண்ணேன்னேன். நாலுன்னாரு. ஏன் ரெண்டு சொல்லாம நாலு? (ஏன் எட்டு இல்லன்னு கேட்டா சாக்கு வரும், இப்படிக் கேட்டாதான் ஆசை வெளிய வரும்.) ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "காலையில கை நடுங்குது, வலை பொத்த (கிழிசல தைக்க) முடியல, சின்னவன் பாத்துட்டு என் கையில இருந்து வாங்கி அவனே பொத்துனான்"னாரு. "மகன் பாத்தது உங்கள என்னமோ பண்ணிருச்சு"ன்னு மட்டும் சொன்னேன். அப்பத்தான் அந்தக் கேள்வி.

சம்சாரம், சம்மாட்டி (படகு முதலாளி), கோயில் ஃபாதர் எல்லாரும் விடுன்னு சொல்லியாச்சு, நானும் சொன்னா இன்னொரு ஆள், அவ்வளவுதான். அவர் வாயாலயே வரட்டும்னு நினைச்சேன், அது சரிதான்னு இப்பவும் தோணுது. ஆனா அவ்வளவு வயசான மனுசன், மேடம் மேடம்னு பேசிட்டிருந்தவர், தாயின்னு கூப்ட்டு கேக்குறாரே. நம்ம ஊர்ல அப்படி கேட்டா யாரா இருந்தாலும் ஒரு வார்த்த சொல்லுவாங்க. மில்லரோட இந்த ஆலோசனை முறையிலயே சொல்லக்கூடாதுன்னு ஒண்ணும் இல்ல, ஆளு கேட்டா நம்ம கருத்த சொல்லலாம், சொல்லிட்டு அவருக்கு எப்படிப் படுதுன்னு கேக்கணும், அவ்வளவுதான்.

இன்னொன்னு. கை நடுங்குறதால வீட்ல வச்சு திடீர்னு நிறுத்தாதீங்க, முதல் ரெண்டு நாள்லயே ஃபிட்ஸ் வரலாம், அப்புறம் ஆள் தெரியாம உளற ஆரம்பிக்கலாம், உயிருக்கே ஆபத்து, அட்மிட் ஆகித்தான் நிறுத்தணும்னு உத்தரவு மாதிரியே சொன்னேன். கேட்டுக்கிட்டாரு, அட்மிட்டும் ஆனாரு. அப்ப நான் சொன்னா கேக்குற ஆளுதான?

படகு கிளம்புனதும் மாத்திரைக்கு வர்றது நின்னுருச்சு. சம்சாரத்த மண்டபம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். முன்ன மாதிரி இல்ல, கரைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் குடிக்கிறாரு, வலை அவரே பொத்துறாருன்னாங்க. அத கேட்டு சந்தோசப்படுறதுக்குள்ள, "அன்னிக்கு நீங்க விடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முழுசா விட்டுருப்பாரு மேடம், உங்க மேல மரியாத வச்சிருந்தாரு"ன்னுட்டாங்க.

விட்டுருப்பாரா? அவர் திரும்ப வந்தா "என் மனசுல பட்டத சொல்லவாண்ணே"ன்னு கேட்டுட்டு சொல்லிரலாம்னு இருக்கேன். ஆனா "சரி தாயி"ன்னு எனக்காக தலையாட்டிட்டுப் போனா, அடுத்த கரை நாள்ல குவாட்டர் முன்னாடி உக்காரும்போது அது அவரோட முடிவா இருக்குமா, என்னோடதாவா?