வெயிலுக்காக கோர்ட்டுக்குப் போன ஹோட்டல்: மாடல்ல நிழல் விட்டுப் பார்த்தேன்

அமெரிக்காவுல ஃபுளோரிடா கடற்கரையில இருக்கிற மியாமி பீச் ஊரோட மாடல்ல பெரிய வேலை முடிஞ்சிருச்சு. ஃபான்டன்புளூ, ஈடன் ராக் ரெண்டு ஹோட்டலும் பலகையில ஒட்டியாச்சு, இனி நிழல் டெஸ்ட்தான். ஸ்கேல் 1:500, சன்போர்டுல (லேசான பிளாஸ்டிக் நுரை அட்டை) வெட்டினது. ஃபான்டன்புளூவோட வளைவு பிளாக்தான் ரொம்ப நேரம் எடுத்துச்சு, பின்பக்கம் 5 மி.மீ.க்கு ஒரு கோடு பாதி ஆழத்துக்குக் கீறிட்டு மெதுவா வளைச்சா அழகா வளையுது, அந்த வளைவை பென்சில்ல அடிப்பலகையில முதல்லயே வரைஞ்சு வச்சுகிட்டு அதுமேல நிக்க வச்சு ஃபெவிக்விக் போட்டா அப்படியே பிடிச்சுக்கும். ஜன்னல் எல்லாம் பிரின்ட் எடுத்து ஒட்டினதுதான், ஒவ்வொண்ணா வெட்ட எனக்குப் பொறுமை கிடையாது.

ஏன் இந்த ரெண்டு ஹோட்டல்னா, அதுக்குப் பின்னாடி ஒரு சண்டை இருக்கு. பென் நோவாக், ஹாரி மஃப்சன் ரெண்டு பேரும் முன்னாடி ஹோட்டல் பிசினஸ்ல பார்ட்னர்ஸ், அப்புறம் பிரிஞ்சுட்டாங்க. நோவாக் 1954ல ஃபான்டன்புளூ திறந்தார், அடுத்த வருஷமே மஃப்சன் அதுக்கு வடக்கால ஒட்டின மனையில ஈடன் ராக் திறந்தார், அதுவும் அதே ஆர்க்கிடெக்ட் மாரிஸ் லாபிடஸை வச்சு. லாபிடஸ் அதுக்கு முன்னாடி கடைகளுக்கு டிசைன் பண்ணவர், வெளிச்சத்தைப் பார்த்தா மனுஷன் விட்டில்பூச்சி மாதிரி தானா வருவான்னு சொல்றவர், அந்த வித்தையைத்தான் ஹோட்டல் லாபிக்குக் கொண்டு வந்தார். பெரிய ஆர்க்கிடெக்ட்ஸ் அப்போ அவரைக் கிண்டல் பண்ணாங்க, ஜனங்க என்னவோ கூட்டம் கூட்டமா வந்தாங்க.

சரி, சண்டைக்கு வர்றேன். ஃபான்டன்புளூ தன் இடத்துல 14 மாடியில புதுசா ஒரு டவர் எழுப்ப ஆரம்பிச்சுது. உயரம் 160 அடி, கிழக்கு மேற்கா நீளம் 416 அடி, ஈடன் ராக் எல்லையில இருந்து வெறும் 20 அடி தள்ளி. என் பலகையில அது 9.8 செ.மீ உயரம், 25.4 செ.மீ நீளம், இடைவெளி 1.2 செ.மீ, விரல் நுழையறதே கஷ்டம். குளிர்காலத்துல மதியம் 2 மணியில இருந்து எங்க நீச்சல்குளம் நிழலாயிடும்னு ஈடன் ராக் கேஸ் போட்டுச்சு. கீழ் கோர்ட் வேலையை நிறுத்தச் சொல்லுச்சு, 1959ல அப்பீல்ல அந்தத் தடை ரத்தாச்சு. கட்டடத்தால ஒரு உபயோகம் இருந்தா போதும், பக்கத்து மனைக்காரருக்கு வெயில் மேல உரிமை கிடையாது, கொஞ்சம் பகைக்காகக் கட்டியிருந்தாலும் சரின்னு தீர்ப்பு. (நம்ம சென்னையில யாராவது மத்தியானத்துல நிழல் விழ வச்சா மாலை போட்டு வரவேற்போம்.)

டெஸ்ட்டுக்கு டார்ச் வேலைக்கு ஆகாது, பக்கத்துல இருந்து அடிக்கிறதால ஒளி விரிஞ்சு நிழல் பெருசாயிடுது. நிஜ சூரியன்தான் வேணும். அதனால மொட்டை மாடிக்குக் கொண்டு போயிட்டேன். பலகை ஓரத்துல 2 செ.மீ நீட்டிகிட்டு நிக்கிற மாதிரி குண்டூசி ஒண்ணு குத்தி, மியாமியில டிசம்பர் 21 மதியம் 2 மணிக்கு அதோட நிழல் நுனி எங்க விழணும்னு கணக்குப் போட்டு ஒரு புள்ளி. அந்த நேரத்துல சூரியன் கிட்டத்தட்ட 35 டிகிரி உயரத்துல இருக்கும், ஊசி நிழல் 2.9 செ.மீ, திசை வடக்குல இருந்து 30 டிகிரி கிழக்கால. நுனி புள்ளியில உட்கார்ற வரைக்கும் பலகையைச் சாய்க்கணும், திருப்பணும், அவ்வளவுதான், சென்னை வெயில் மியாமி வெயில் ஆயிடும்.

ஈடன் ராக் பக்கம் 14 செ.மீ நிழல். நிஜத்துல 70 மீட்டர். நேரம் ஆக ஆக அது கடல் பக்கமா நகர்ந்து நீளுது, குளத்தோரம் படுத்திருக்கிறவங்க எந்திரிச்சு உள்ள போக வேண்டியதுதான்.

அப்புறம் ஜூன் 21 புள்ளியை வச்சுப் பார்த்தேன். நடுப்பகல்ல நிழல் வெறும் 4 மி.மீ, எல்லையைக்கூடத் தொடல. 2 மணிக்கு மேல சூரியன் வடமேற்குக்குப் போயிடுறதால நிழல் தெற்கால, ஃபான்டன்புளூ பக்கமே விழுது! அப்போ இந்த கேஸே சீசனால வந்தது. நியூயார்க்ல பனி கொட்டுறப்போ வெயில் காய வர்ற கூட்டம்தான் மியாமிக்கு அன்னைக்கு வருமானம், 1958 டிசம்பர்ல ஜெட் விமானமும் ஓட ஆரம்பிச்சிருந்துச்சு, வர்றது இன்னும் சுலபம். ரூம் வாடகைங்கிற பேர்ல விக்கிறது டிசம்பர் வெயிலைத்தான்.

இதுக்கு மேல ஒரு சந்தேகம். டவரை ஒட்டாம வெறும் பின்ல நிறுத்தியிருந்ததால எடுத்து வடக்கு தெற்கா திருப்பி வச்சேன். ஈடன் ராக் பெரும்பாலும் தப்பிச்சுது, ஆனா மத்தியானம் ஃபான்டன்புளூவோட சொந்தக் குளமும் பீச்சும் இருட்டு. தெற்கு ஓரத்துக்கு நகர்த்தினாலும் அதே கதை. குளிர்கால சூரியன் தெற்கால இருக்கிறதால, சொந்தக் குளத்து வெயில் கெடாம உயரமா கட்டணும்னா அந்த மனையில வடக்கு எல்லை ஒண்ணுதான் இடம். பகைக்காகக் கட்டின சுவர்னுதான் ஊர்ல பேரு, இருக்கலாம், ஆனா பகையே இல்லாத ஒருத்தர் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாலும் அங்கதான் வச்சிருப்பார்னு எனக்குத் தோணுது.

அடுத்து டவரை அதோட நிஜ இடத்துலயே ஒட்டிட்டு, ஈடன் ராக் குளத்துக்கு நீல அக்ரிலிக் ஷீட் வெட்டணும்.