கணினியின் நாடி பார்க்கும் சிறு திரை

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டின் முன் அறையில் இருந்து, கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் எடுக்கப்படும் ஒளிப்பதிவுகளைத் தொகுத்துக் கொடுக்கும் வேலையைச் செய்து வருகிறேன். தொகுத்து முடித்ததை இறுதிக் கோப்பாக ஆக்கித் தருவதற்குக் கணினிக்குச் சில வேளைகளில் நான்கைந்து மணித்தியாலங்கள் செல்லும். அவ்வளவு நேரமும் புரொசெசர் தன் முழு வலுவோடு ஓடிக்கொண்டிருக்க, நான் பெரிய திரையை அணைத்துவிட்டு வேறு அலுவல் பார்ப்பேன். கடந்த சித்திரையில், ஏறத்தாழ ஒரே அளவான இரண்டு கலியாண ஒளிப்பதிவுகளில் ஒன்று மற்றதை விட ஒரு மணித்தியாலம் பிந்தி முடிந்தது. ஏன் என்று சொல்லக்கூடிய எதுவும் என்னிடம் இருக்கவில்லை. பெரிய திரை அணைந்திருக்கும்போதும் உள்ளே நடப்பதைக் காட்டக்கூடிய 0.96 அங்குலத் திரை ஒன்றைக் கணினிப் பெட்டியின் மேல் வைத்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் கையில் இருந்தது 16 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகளைக் காட்டும் பச்சை எல்சிடி. எச்டி44780 என்ற கட்டுப்படுத்தியில் இயங்கும் அந்த வகைத் திரையில் ஒவ்வோர் எழுத்தும் 5க்கு 8 புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். நாமாக வரைந்து சேர்க்கக்கூடிய எழுத்துகளும் எட்டுத்தான். ஆங்கிலத்துக்கும் இலக்கங்களுக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் 'ணை' என்ற எழுத்தை ஐந்து புள்ளி அகலத்தில் வரைய முயன்றவர்களுக்கு அதன் வில்லங்கம் விளங்கும். வீட்டில் எல்லாரும் வாசிக்கும் திரை தமிழில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. ஆகவே எஸ்எஸ்டி1306 கட்டுப்படுத்தியோடு வரும் ஓஎல்ஈடி திரைக்கு மாறினேன். அதற்குச் சொந்தமாக எழுத்தே கிடையாது. அகலத்தில் 128, உயரத்தில் 64 என்று வெறும் புள்ளிகள் மட்டுமே உள்ளன, எதையும் வரையலாம். நான் வாங்கியது இருநிற வகை. மேலே 16 வரிசைகள் மஞ்சளாகவும் மிகுதி 48 நீலமாகவும் ஒளிரும். மின்னுக்கு இரண்டும் தரவுக்கு இரண்டுமாக நான்கே கம்பிகளில் அது ஆர்டுயினோ நனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைய, நனோ யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைகிறது.

தமிழ் எழுத்தை நனோவுக்குள் உருவாக்குவது வீண்வேலை. 'வெப்பம்' என்ற சொல்லில் கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். கணினி சேமிக்கும் ஒழுங்கிலோ அது வகரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. இந்த ஒழுங்குமாற்றத்தைச் செய்யும் அறிவு நனோவுக்கான சிறு எழுத்துருத் தொகுதிகளில் இல்லை. ஆகவே முழுப் படத்தையும் கணினியிலேயே பைதன் நிரல்மொழியின் படம் வரையும் பில்லோ தொகுதியால் வரைந்து, புள்ளிகளாகவே அனுப்புகிறேன். பில்லோவோடு ராக்கம் என்ற எழுத்தமைப்பு நூலகமும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கும் கொம்பு இடம்மாறி நிற்கும். முழுப் படம் 1024 பைட். நனோவின் நினைவகமே 2048 பைட்தான் என்பதால், படத்தை அங்கே சேர்த்து வைக்காமல் 128 பைட் கொண்ட எட்டுக் கீற்றுகளாக வரவர நேரே திரைக்குத் தள்ளிவிடுகிறேன். நொடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு படம் போய்ச் சேர நொடியில் பத்தில் ஒரு பங்கும் ஆவதில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 பாவிப்பவர்கள், யூஎஸ்பி இணைப்புக்குச் சிஎச்340 சிப்போடு வரும் மலிவான நனோவைக் கணினி கண்டும் காணாததுபோல் நடந்துகொண்டால், பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிவை என்ற நிரல் அந்த இணைப்பைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்கவும். எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் அதில் போனது.

இனி இலக்கங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்கிறேன். லினக்ஸில் புரொசெசரின் வேலைச்சுமை 'புரொக்' என்ற அடைவிலுள்ள 'ஸ்டாட்' கோப்பில் கிடைக்கிறது. அங்கே விழுக்காடு எதுவும் எழுதியிருக்காது. கணினி எழுந்த நேரத்திலிருந்து எவ்வளவு நேரம் வேலை செய்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்ற கூட்டுத்தொகைகளே இருக்கும். வீட்டு மின்மானியைப் போலத்தான் இதுவும்: சென்ற மாத வாசிப்பை இந்த மாத வாசிப்பிலிருந்து கழித்தால்தான் பாவித்த அலகு தெரியும். இரண்டு நொடிக்கு ஒரு தடவை வாசித்துக் கழிக்கிறேன். அதைவிடக் குறுகிய இடைவெளியில் கழித்தால் இலக்கம் நின்று வாசிக்க முடியாதபடி துள்ளும். நினைவகத்துக்கு வெறுமையாக இருக்கும் அளவைக் காட்டக்கூடாது. லினக்ஸ் மிஞ்சிய நினைவகத்தில் கோப்புகளின் பிரதிகளை வைத்துக்கொள்வதால் அந்த அளவு எப்போதும் பயமுறுத்தும் வகையில் குறைவாகவே தெரியும். 2014 முதல் லினக்ஸின் கருவகம் (கெர்னல்) தனியாகத் தரும் 'கிடைக்கக்கூடியது' என்ற அளவுதான் சரியானது. விண்டோஸ் பாவிப்பவர்களுக்கு இவை எல்லாவற்றையும் லிப்ரே ஹார்ட்வெயார் மொனிட்டர் என்ற கட்டற்ற மென்பொருள் ஒரே இடத்தில் தந்துவிடும்.

வெப்பநிலைதான் என்னை ஏமாற்றியது. முதல் நாள் திரையின் மஞ்சள் பட்டையில் 27.8 பாகை என்று தெரிந்தது. பெரிய வேலை ஒன்றைக் கொடுத்தேன், அப்போதும் 27.8. மின்விசிறி இரைகிறது, பெட்டியின் பின்புறம் கையை வைக்க முடியாத வெக்கை, இலக்கம் அசையவில்லை. சித்திரை மாதத்து மத்தியானத்தில் அந்த அறையின் காற்றே 34 பாகையில் இருந்தது. காற்றால் குளிர்விக்கப்படும் எந்தப் பொருளும் அந்தக் காற்றைவிடக் குளிராக இருக்க முடியாது. குளிரூட்டிய அறையிலோ குளிர்நாட்டிலோ இருந்திருந்தால் அந்த 27.8ஐ நான் நம்பியிருப்பேன். எங்கள் ஊர் வெயில்தான் பொய்யைக் காட்டிக்கொடுத்தது. தேடிப் பார்த்தபோது, பல தாய்ப்பலகைகள் ஏசிபிஐ என்ற இடைமுகத்தின் வழியாகத் தரும் வெப்பநிலை உண்மையில் எதையும் அளக்காத ஒரு நிலையான இலக்கம் என்பதும், 27.8 அப்படி அடிக்கடி காணப்படும் இலக்கங்களில் ஒன்று என்பதும் தெரிந்தன. உண்மையான வாசிப்பு இன்டெல்லில் 'கோர்டெம்ப்' என்ற பெயரிலும் ஏஎம்டியில் 'கே10டெம்ப்' என்ற பெயரிலும், பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் கிடைக்கிறது. 81000 என்றிருந்தால் 81 பாகை. உணரிகளுக்கு லினக்ஸ் கொடுக்கும் வரிசை எண் கணினி எழும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும் என்பதால், எண்ணைக் கொண்டு தேடாமல் பெயரைக் கொண்டு தேடுவதே பாதுகாப்பு.

சரியான உணரி கிடைத்த அன்று பட்டையில் 99 தெரிந்தது. என் புரொசெசரின் எல்லை 100 பாகை. அதை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கடிகார வேகத்தை அது தானாகவே குறைத்துக்கொள்ளும். வெப்பத்தின் பக்கத்திலேயே வேகத்தையும் காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வேலைச்சுமை 100 விழுக்காடு என்று மட்டும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத் தோன்றும்; 99 பாகை, 2.4 கிகாஹேட்ஸ் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது மூச்சிழுத்துக்கொண்டு ஓடுவது விளங்கும். தூசு படக்கூடாதென்று கணினியை மேசையின் அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவன் நானே. அப்படியிருந்தும் கோண்டாவில் செம்மண் வெப்பத்தகட்டின் இடைவெளிகளைச் சிவப்புக் கம்பளிபோல் மூடியிருந்தது. தூரிகையால் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை எடுத்துப் புதிதாகப் பூசி, பெட்டியை வெளியே எடுத்து வைத்தபின், அதே வேலையில் 81 பாகையும் 3.9 கிகாஹேட்ஸும் தெரிந்தன.

இரண்டு கவனங்கள் உண்டு. கணினி நின்ற பிறகும் பல தாய்ப்பலகைகள் யூஎஸ்பிக்கு மின் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், கடைசி இலக்கம் திரையில் உறைந்து நிற்கும். உறைந்த இலக்கத்தை உயிருள்ளதென்று நம்புவது, இலக்கமே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது. ஐந்து நொடிக்குத் தரவு வராவிட்டால் திரையை இருட்டாக்கும்படி நனோவுக்கு எழுதியிருக்கிறேன். மற்றது, ஓஎல்ஈடியில் ஒரே புள்ளிகள் மாதக்கணக்கில் எரிந்தால் அவை மட்டும் மங்கித் தழும்புபோல் தெரியும். ஆகவே படம் முழுவதையும் நிமிடத்துக்கு ஒரு புள்ளி அங்குமிங்கும் நகர்த்துகிறேன்.

மார்கழியில் அறை 25 பாகைக்கு இறங்குகிறது, சித்திரையில் 34க்கு ஏறுகிறது; ஆகவே 81 என்ற ஒரே இலக்கம் இரண்டு மாதங்களில் இரண்டு கருத்தைத் தரும். இதற்காக டிஎஸ்18பி20 என்ற, அரைப் பாகைக்குள் சரியாக அளக்கும் உணரி ஒன்றை நனோவோடு சேர்த்து, பெட்டிக்குள் நுழையும் காற்றையும் அளக்கிறேன். மஞ்சள் பட்டையில் இப்போது பெரிதாகத் தெரிவது புரொசெசரின் வெப்பத்துக்கும் இந்தக் காற்றின் வெப்பத்துக்கும் இடையிலான வித்தியாசம். துப்புரவு செய்த அன்று முழுச்சுமையில் அது 47. பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பித் தூசைக் கிளப்பியது. சென்ற கிழமை வெளியே நின்றபோது தம்பியிடம் தொலைபேசியில் கேட்டேன். "அண்ணை, மேல ஐம்பத்திரண்டு நிக்குது, கீழ வேகம் மூன்று தசம் எட்டு" என்றான். வேகம் இன்னும் பெரிதாக விழவில்லை, ஐந்து பாகை ஏறிவிட்டது. தூரிகையை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்; இப்போது ஓடும் திருவிழா ஒளிப்பதிவு முடிந்ததும் பெட்டியைத் திறப்பேன்.