அம்மா வழிச் சொத்து

விடியற்காலை நான்கு மணி. சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் மறுபடியும் வாளியும் கையுமாக நான். மகனுக்கு மாதம் ஒருமுறை இதே நேரம், இதே வாந்தி. நடுவில் நன்றாகத்தான் இருப்பான். முதலில் பிராட்டாக் கடையைத் திட்டினோம் (பாவம்). அத்தை மிளகாய் சுற்றிப் போட்டார். அப்புறம்தான் ஒரு மருத்துவர் கேட்டார், வீட்டில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா என்று. எனக்கு உண்டு, என் அம்மாவுக்கும்.

மகனுக்கு வருவது சுழற்சி வாந்தி, அதாவது இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வரும் வாந்தி. அதுவும் ஒற்றைத் தலைவலியும் சொந்தமாம். 2009இல் வந்த ஆய்வொன்றில், சுழற்சி வாந்தி வரும் பிள்ளைகளின் மைட்டோகாண்ட்ரியா (உயிரணுவுக்குச் சக்தி தரும் பகுதி) டிஎன்ஏவில் 16519, 3010 என்ற இடங்களில் குறிப்பிட்ட மாற்றங்கள் அதிகம் இருந்தன. ஒற்றைத் தலைவலிக்காரர்களிடமும் அப்படியே. அந்த டிஎன்ஏ தாய் வழியாக வருவது. ஆய்வு ஐரோப்பியரிடம் அதிகமுள்ள மரபுப் பிரிவில் நடந்தது, நமக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "நகைதான் போடல, இதையாவது குடுத்தேனே" என்றார்.