மிச்சமாகுற மஞ்சக்கருவை தயவுசெஞ்சு கொட்டாதீங்க

இப்பல்லாம் வீட்டுக்கு ஒருத்தர் ஜிம்முக்கு போறாங்க, எங்க வீட்ல என் தம்பி. காலைல நாலஞ்சு முட்டை அவிச்சு வச்சா வெள்ளைய மட்டும் பிச்சு சாப்பிட்டுட்டு மஞ்சள் உருண்டைய அப்படியே தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சிட்டு போயிருவான். இது போக தூத்துக்குடி மக்ரூன் வீட்ல செஞ்சு பார்க்குறவங்களுக்கும் இதே கதைதான், அதுக்கு வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி போதும், மஞ்சக்கரு பூரா கிண்ணத்துல நிக்கும். நிறைய பேர் அதை சிங்க்ல கொட்டிடுறாங்க, எனக்கு அதை பார்த்தாலே மனசு தாங்காது.

ப்ரோட்டீன் எல்லாம் வெள்ளைலதான் இருக்குன்னு நினைச்சுட்டு இருக்காங்க. 50 கிராம் முட்டைல சுமாரா 6 கிராம் ப்ரோட்டீன்னா அதுல ரெண்டரை கிராம் கிட்ட மஞ்சக்கருலதான் இருக்கு, வைட்டமின் ஏ, டி, கோலின்னு ஒரு சத்து இதெல்லாம் கிட்டத்தட்ட முழுசுமே அதுலதான். கொலஸ்ட்ரால் பயம் இருக்கு, ஒரு மஞ்சக்கருல 180, 190 மில்லிகிராம் வரும், ஆனா ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம்தான்னு இருந்த கணக்கை அமெரிக்காவோட உணவு வழிகாட்டுதல்லயே 2015ல எடுத்துட்டாங்க. சுகர், ஹார்ட் பிரச்சினை இருக்குறவங்க டாக்டர் சொல்றதை கேளுங்க, மத்தவங்க வீட்ல எல்லாருமா பகிர்ந்து சாப்பிட்டா ஒண்ணும் பயப்பட வேண்டியதில்ல.

நான் மஞ்சக்கருவ நெய், முந்திரி வரிசைல வச்சுதான் பார்க்குறேன், அதாவது கொழுப்பும் குழம்பை கெட்டியாக்குற குணமும் சேர்ந்த ஒரு பொருள். இப்படி யோசிச்சா எங்க போடலாம்னு தன்னால தோணும்.

முதல்ல அவிச்ச மஞ்சக்கரு. சிக்கன் கிரேவி, முட்டை மசாலா, சப்பாத்திக்கு குருமான்னு எது செஞ்சாலும் வெங்காயம் தக்காளி வதக்கி அரைக்கும்போது மூணு நாலு மஞ்சக்கருவை சேர்த்து அரைச்சிருங்க. முந்திரி போடவே வேண்டாம், அவ்ளோ திக்கா பளபளப்பா வரும், காரம் மட்டும் கொஞ்சம் தூக்கலா போடணும் ஏன்னா மஞ்சக்கரு காரத்தை அமுக்கிடும். பட்டை சோம்பு வாசனை இருந்தா கவுச்சியும் தெரியாது.

ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது சுடு சோறுதான். மஞ்சக்கருவை கையாலயே உதிர்த்து, அப்பவே இடிச்ச மிளகு, உப்பு, பொடியா நறுக்கின சின்ன வெங்காயம், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு ஆவி பறக்குற சோத்துல போட்டு பிசையணும். பருப்பு பொடி சாதம் மாதிரி ஒவ்வொரு பருக்கைலயும் ஒட்டிக்கும், தொட்டுக்க அப்பளம் கூட வேணாம். குழந்தைங்களுக்கு மிளகை குறைச்சு நல்லெண்ணெய்க்கு பதிலா நெய் விடுங்க.

பச்சை மஞ்சக்கருன்னா நிறைய பேருக்கு என்ன பண்றதுன்னே தெரியாது, அதுக்கு ஈஸியான வழி இட்லி தட்டுதான். குழில நல்லா எண்ணெய் தடவி, ஒரு குழிக்கு ஒண்ணா உடையாம மெதுவா விட்டு, ஏழெட்டு நிமிஷம் ஆவி கட்டினா போதும், இட்லி மாதிரி எழும்பாம குட்டி குட்டியா தட்டையா வெந்து வரும், அப்புறம் மேல சொன்ன எதுக்கு வேணும்னாலும் எடுத்துக்கலாம். ரொம்ப நேரம் அவிச்ச முட்டைல மஞ்சளை சுத்தி ஒரு பச்சை வளையம் வருமே, வெள்ளைக்கருல இருக்குற கந்தகமும் மஞ்சக்கருல இருக்குற இரும்பும் சேர்ந்து வர்றதுதான் அது. தனியா வேக வைக்கும்போது அந்த பிரச்சினையும் இல்ல, கலர் அழகா இருக்கும்.

உடைச்சு ஊத்துற முட்டை குழம்பு செய்றவங்க மஞ்சக்கருவை மட்டும் வச்சும் செய்யலாம், குழம்பு நல்லா கொதிச்சு எண்ணெய் பிரிஞ்ச பிறகு அடுப்பை சிம்ல வச்சு ஓரமா ஒவ்வொண்ணா விட்டு மூடி போடுங்க, அஞ்சு நிமிஷம் கரண்டியே போடக்கூடாது. பொடிமாஸும் ஓகேதான் ஆனா வெறும் மஞ்சக்கருல செஞ்சா சீக்கிரம் வறண்டு மாவு மாவா ஆயிரும், அதனால ரெண்டு ஸ்பூன் தேங்காப்பால் விட்டு அடிச்சு, முக்கால் பதம் வெந்ததுமே இறக்கிருங்க, சட்டி சூட்டுலயே மீதி வெந்துரும்.

இனிப்புன்னா கஸ்டர்ட். நம்ம ஊர்ல கஸ்டர்ட்னாலே பாக்கெட் பவுடர்தான், அதுல முட்டையே கிடையாது. 1837ல இங்கிலாந்துல ஆல்ஃபிரட் பேர்ட்னு ஒருத்தர் தன் மனைவிக்கு முட்டை ஒத்துக்கலைன்னு சோள மாவுல கண்டுபிடிச்சது அது. ஒரிஜினல் மஞ்சக்கரு கஸ்டர்ட் ஒரு தடவை சாப்பிட்டா வித்தியாசம் தெரியும். அரை லிட்டர் பாலுக்கு 4 மஞ்சக்கரு, 4 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார். மஞ்சக்கரு, சர்க்கரை, மாவு மூணையும் நல்லா அடிச்சுக்கிட்டு, சூடான பாலை கரண்டி கரண்டியா அதுல விட்டு கலக்கணும், எடுத்த எடுப்புல மஞ்சக்கருவை கொதிக்கிற பால்ல ஊத்தினா திரிஞ்சு திட்டு திட்டா ஆயிரும். அப்புறம் எல்லாத்தையும் திரும்ப அடுப்புல வச்சு சின்ன தீயில கைவிடாம கிண்டுங்க. மரக்கரண்டிய தூக்கி அதோட பின்பக்கம் விரலால ஒரு கோடு போடுங்க, கோடு ஒழுகி மூடாம அப்படியே நின்னா பதம் வந்தாச்சு. உடனே இறக்கி வடிகட்டி ஏலக்காய் தட்டி போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க.

இந்த விஷயத்துல கில்லாடிங்க கேரளாவுல மலபார் பக்கம் இருக்குறவங்கதான். முட்டமாலன்னு ஒண்ணு செய்வாங்க, மஞ்சக்கருவை வடிகட்டி, சின்ன ஓட்டை போட்ட சிரட்டை வழியா கொதிக்கிற சர்க்கரை பாகுல சுத்தி சுத்தி விடுவாங்க, அது நூல் நூலா வெந்து தங்க மாலை கணக்கா வரும். அதோட நிறுத்த மாட்டாங்க, மிச்சமான வெள்ளைக்கருவையும் மிச்ச பாகையும் பால் பவுடரோட சேர்த்து பிஞ்ஞாணத்தப்பம்னு ஆவில வேக வச்சு அதையும் பக்கத்துலயே பரிமாறுவாங்க. முட்டைல ஒரு சொட்டு வீணாகாது! இதே மஞ்சக்கரு நூல் போர்ச்சுகல்லயும் இருக்கு, தாய்லாந்துலயும் ஃபோய் தோங்னு இருக்கு, போர்த்துகீசியர் கப்பலோட ஊர் ஊரா போன பண்டம்னு சொல்றாங்க.

ஒண்ணே ஒண்ணு செய்யாதீங்கன்னு சொல்வேன், பச்சை மஞ்சக்கரு மயோனைஸ். வயித்தை கெடுக்குற சால்மோனெல்லா கிருமி பயத்துலதான் 2025 ஏப்ரல்ல பச்சை முட்டை மயோனைஸுக்கு தமிழ்நாட்டுல ஒரு வருஷம் தடை போட்டாங்க. நம்ம வெயிலுக்கு வீட்லயும் அது வேண்டாமே.

எடுத்து வைக்கணும்னா உடையாத பச்சை மஞ்சக்கருவை சின்ன டப்பால போட்டு மேல மூழ்குற அளவு குளிர்ந்த தண்ணி விட்டு மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, மேல தோல் கட்டாது, ரெண்டு நாளுக்குள்ள பயன்படுத்திருங்க. ஃப்ரீசர்ல சும்மா வச்சா கூழ் மாதிரி இறுகி திரும்ப இளகவே இளகாது, அதனால 4 மஞ்சக்கருவுக்கு ரெண்டு சிட்டிகை உப்போ இல்ல ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரையோ போட்டு அடிச்சு வைக்கணும். எது போட்டீங்கன்னு டப்பா மேல மறக்காம எழுதிருங்க, உப்பு போட்டது குழம்புக்கு, சர்க்கரை போட்டது கஸ்டர்டுக்கு.