கலர் தெரியாத 3ஐ போடலாமா

மாயவரத்துல அத்தை வீட்டுக்குப் போனா ராத்திரி ஹனாபி சீட்டாட்டம்தான், எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு கலரையும் 1லேர்ந்து 5 வரைக்கும் வரிசையா கீழ போடணும், நம்ம சீட்டு நம்மளத் தவிர எல்லாருக்கும் தெரியும். நேத்து அத்தை பொண்ணு என் சீட்டு ஒண்ணைத் தொட்டு 3ன்னு மட்டும் க்ளூ குடுத்தா. கீழ சிவப்பு மட்டும் 2 வரைக்கும் வந்திருக்கு, மத்த கலரெல்லாம் 1ல நிக்குது. போட்டுட்டேன். ஆட்டம் முடிஞ்சும் மாமா விடல, "கலர் தெரியாம எப்படிம்மா போடுவ?"

போடணும் மாமா! ஒரு கலருக்கு 3 ரெண்டே ரெண்டுதான், சிவப்புல ஒண்ணு ஏற்கனவே கழிச்சாச்சு, இன்னொண்ணும் போனா 4, 5 ரெண்டும் வீண், மொத்தப் புள்ளி 25க்குப் பதிலா 22தான். மத்த கலர் 3 எதுவும் கழியல, அதைக் காப்பாத்த யாரு க்ளூ செலவு பண்ணுவா? அப்போ இது சிவப்புதானே! தப்பானாலும் ஒரு ஃபியூஸ்தான் (தப்புக்குக் குடுக்குற வாய்ப்பு) போகும், மூணும் பத்திரமா இருந்துச்சே. மாமா இன்னும் ஒத்துக்கல.