கிணற்றடியில் ஒரு பிரயோக கணித வகுப்பு

எங்கள் கல்லூரியின் மலரைத் தயாரிக்கும் குழுவில் இருக்கும் நண்பர் போன் எடுத்து, கல்லூரியைப் பற்றி ஏதாவது எழுதித் தாரும், விளையாட்டுப் போட்டி, பிரிவுபசாரம், எதுவென்றாலும் பரவாயில்லை என்று கேட்டார். அவற்றை எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கனகாலமாக மனதில் கிடப்பது ஒரேயொரு பாடவேளை. அது வகுப்பறையில்கூட நடக்கவில்லை, கல்லூரிக் கிணற்றடியில் நடந்தது.

1992. நாங்கள் உயர்தரக் கணிதப் பிரிவு. அப்போது தூய கணிதமும் பிரயோக கணிதமும் தனித்தனிப் பாடங்கள். 1990 நடுப்பகுதியில் யுத்தத்தோடு போன கரண்ட் அப்போது யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்திருக்கவில்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. இது இந்த மலரை வாசிக்கிற எல்லாருக்கும் தெரிந்த கதை, அதனால் நீட்டவில்லை. கொப்பியும் தாளும் அருமையாக இருந்த அந்த நாட்களில் ஒரு கணக்கைப் பிழையாகத் தொடங்கி மூன்று பக்கம் எழுதிவிட்டு வெட்டுவது பெரிய நட்டம். எங்களுக்குப் பிரயோக கணிதம் படிப்பித்த சேர் ஒவ்வொரு கணக்கையும் "பேனையை மூடி வையுங்கோ" என்று சொல்லித்தான் தொடங்குவார். தாளை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு எடுத்தது உயர்தரம் படித்த எல்லாரும் செய்திருக்கக்கூடிய கணக்கு. ஒப்பமான கப்பி ஒன்றின் மேலாக இலேசான, நீட்டமுடியாத இழை ஒன்று போகிறது, அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு திணிவுகள், ஆர்முடுகலை, அதாவது வேகம் கூடும் வீதத்தைக் காண்க. ரியூட்டரியில் ஏற்கெனவே செய்திருந்தபடியால் நாங்கள் சமன்பாட்டை எழுதத் தயாராக இருந்தோம். சேர் விடவில்லை. "ஒப்பமான எண்டு போட்டிருக்கு. அந்தச் சொல்லு உமக்கு என்ன தருது, சொல்லும் பாப்பம்" என்று முன்வாங்கில் இருந்தவனைக் கேட்டார். "உராய்வு இல்லை, சேர்." "சரி, உராய்வு இல்லாட்டி என்ன?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. எழும்பி வாங்கோ என்று முழு வகுப்பையும் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார்.

அந்தக் கிணற்றுக் கப்பி துருப்பிடித்தது, கிறீச்சிடுகிற சத்தம் மைதானம் மட்டும் கேட்கும். ஒரு வாளி தண்ணீரை அள்ளச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்து அதே வாளியைக் கொஞ்சம் மேலே இழுத்து, கொஞ்சம் கீழே விடச் சொன்னார். இழுக்கும்போது கை பாரமாக உணர்ந்தது, விடும்போது இலேசாக இருந்தது. வாளி அதே வாளி, தண்ணீர் அதே தண்ணீர். மேலே இழுக்கும்போது கப்பியின் உராய்வு வாளியோடு சேர்ந்து எங்களுக்கு எதிராக நிற்கிறது, கீழே விடும்போது வாளியைப் பிடித்து வைக்க எங்களுக்கே உதவுகிறது. அதனால் கப்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கயிற்றின் இழுவை ஒன்றாக இருக்காது. "இப்ப விளங்குதோ, ஒப்பமான எண்டு அவன் ஏன் போட்டவன் எண்டு?" என்றார். கப்பி ஒப்பமானது, இழை இலேசானது என்பதால்தான் இரண்டு பக்கத்துக்கும் ஒரே இழுவையை எழுத எங்களுக்கு அனுமதி. நீட்டமுடியாத இழை என்பதால்தான் இரண்டு திணிவுக்கும் ஒரே ஆர்முடுகல். இரண்டு வருடமாக அலங்காரம் மாதிரி வாசித்துத் தாண்டிய சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு சமன்பாட்டைக் கையில் தந்துகொண்டிருந்திருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

வகுப்புக்குத் திரும்பி வந்து கணக்கைச் செய்தோம். நான் அவசரத்தில் ஒரு கூட்டல் கழித்தல் சைகையை மாற்றிப் போட்டு, திணிவுகளின் கூட்டுத்தொகையை வித்தியாசத்தால் பிரித்து புவியீர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கி விடை எடுத்திருந்தேன். சரியான விடை இதன் மறுபக்கம், அதாவது வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் பிரிக்க வேண்டும். சேர் பிழை என்று சொல்லவில்லை. பரிமாணம், அதாவது விடையின் அலகு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னார், அது சரியாகத்தான் வந்தது. அப்புறம், "இரண்டு பக்கமும் ஒரே திணிவைத் தொங்கவிடும், என்ன நடக்கும்?" என்றார். அசையாது என்றேன். "உம்மடை விடை என்ன சொல்லுது?" கீழே பூச்சியம் வந்தது, ஆர்முடுகல் முடிவிலி. ஒரு பக்கத் திணிவை எடுத்துவிட்டால் மற்றது சும்மா விழ வேண்டும், ஆர்முடுகல் புவியீர்ப்பின் அளவே இருக்க வேண்டும், அதையும் பார் என்றார். அந்த இடத்தில் என் பிழையான விடையும் சரியாகத்தான் நின்றது! ஒரு சோதனையில் தப்பிய பிழை இன்னொன்றில் அகப்படும், அதனால் ஒன்றோடு நிறுத்தக்கூடாது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, எனக்குச் செய்து காட்டினார்.

கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் செய்து, இந்த மாதிரிக் கணக்குக்கு இந்த மாதிரி வழி என்று பாடமாக்குவது அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதனால் புள்ளி வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு முகத்தை மாற்றிக்கொண்டு வரும் நாளில் அது கைவிட்டுவிடும், வேலையிலோ ஒவ்வொரு நாளும் அது முகத்தை மாற்றிக்கொண்டுதான் வருகிறது.

நான் ரொறன்ரோவில் எலிவேற்றர் திருத்தும் வேலைக்குப் போனது தற்செயல். முதல் கிழமை மோட்டார் அறையில் வைத்து மூத்த திருத்துநர் விளக்கியபோது எனக்குக் கிணற்றடிதான் கண்ணுக்குள் வந்தது. மேலே ஒரு கப்பி, அதன் மேலால் இரும்புக் கயிறுகள், ஒரு பக்கம் ஆட்கள் ஏறும் பெட்டி, மறுபக்கம் எதிர்ப்பாரம். பெட்டியின் நிறையோடு அது சுமக்கக்கூடிய முழுப் பாரத்தின் 40 முதல் 50 வீதத்தைக் கூட்டி எதிர்ப்பாரத்தை வைப்பார்கள், மோட்டார் வித்தியாசத்தை மட்டும் இழுத்தால் போதும். வெறும் பெட்டியில் பிரேக்கைத் தளர்த்தினால் அது விழாது, மேலே போகும். எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், இங்கே கப்பி ஒப்பமாக இருந்தால் எலிவேற்றரே ஓடாது, கயிற்றைப் பிடித்து இழுப்பதே அந்த உராய்வுதான். பரீட்சைக் கணக்கு எதைத் தூக்கி வெளியே வைத்ததோ, அதில்தான் இந்த ஊரின் மாடிக் கட்டடங்கள் எல்லாம் ஏறி இறங்குகின்றன.

ஒரு ஜனவரி மாதம், 20 மாடிக் கட்டடம் ஒன்றில் தொடர்ந்து முறைப்பாடு. கீழ்த்தளத்தில் எலிவேற்றர் கதவு முழுதாகச் சாத்தாமல் திரும்பத் திரும்பத் திறக்கிறது, கடைசியில் நின்றுவிடுகிறது. எனக்கு முன்னர் போனவர்கள் கதவின் உருளைகளை மாற்றினார்கள், பிறகு கதவு மோட்டாரையே மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடியபடியால் திருத்தியாயிற்று என்று எல்லாரும் நம்பினார்கள், பிறகு திரும்பவும் அழைப்பு. கதவை இன்னும் கொஞ்சம் பலமாகச் சாத்த வைப்போம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு இங்கே 135 நியூற்றன் என்று எல்லை இருக்கிறது, ஆளின் கையோ பிள்ளையின் தோளோ நடுவில் அகப்படலாம், அதைத் தாண்ட முடியாது.

நான் போன அன்று கருவிப் பெட்டியைத் திறக்காமல் ஒரு தாளில் தெரிந்ததை மட்டும் எழுதினேன். கீழ்த்தளத்தில் மட்டும். இரண்டு எலிவேற்றரிலும். காலையில்தான் கூடுதலாக. அழைப்புத் துண்டுகளின் திகதிகளை எடுத்து அந்த நாட்களின் குளிரோடு வைத்துப் பார்த்தேன், நல்ல குளிர் விழுந்த நாட்களாகவே இருந்தன. திருத்தியபின் நன்றாக ஓடிய நாட்கள் குளிர் குறைந்த நாட்கள். ஒரு கதவின் உருளை தேய்ந்தால் மற்ற எலிவேற்றரும் ஏன் சேர்ந்து நிற்க வேண்டும்? கதவு இடுக்கில் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தேன், உள்ளே இழுத்தது. குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் இருக்கும் சூடான காற்று மேலே எழும்பி வெளியேற, கீழேயிருந்து குளிர்க்காற்று உள்ளே வரும், எலிவேற்றர் குழி ஒரு பெரிய புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். அந்தக் காற்று கதவைக் குழிப் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். காற்றைத் தடுப்பதற்காகவே இரண்டு கதவு வைத்திருந்தார்கள், உட்கதவை இழுத்துச் சாத்தும் கருவி உடைந்து அது அகலத் திறந்தபடி கிடந்தது, காலையில் ஆட்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் வெளிக்கதவும் சாத்த நேரமில்லாமல் திறந்துகொண்டேயிருந்தது. உட்கதவைக் கையால் சாத்திப் பிடித்தேன், எலிவேற்றர் கதவு அமைதியாக மூடிக்கொண்டது. கட்டடக்காரர் வாசல் கதவைத் திருத்தினார்கள், அந்தக் குளிர்காலம் முடியும்வரை அந்தப் பிரச்சினைக்காக அழைப்பு வரவில்லை.

திருத்தம் நிலைக்கிறதா என்று பார்க்க, அடுத்து வந்த நல்ல குளிரான காலை ஒன்றில் யாரும் கூப்பிடாமலே போய் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சேர் இருந்திருந்தால் உட்கதவைத் திறந்துவிட்டு எலிவேற்றர் மறுபடி நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பார். அதையும் செய்தேன். நின்றது.

அந்த வருடத்துப் பிரயோக கணிதக் கொப்பியில் சேர் ஒவ்வொரு விடைக்கும் கீழே சிவப்புப் பேனையால் கேள்வியாகத்தான் எழுதுவார், சரி பிழை போடுவது குறைவு. என்னுடைய கொப்பி, யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லாரும் இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு வீட்டோடு விட்டு வந்ததில் போய்விட்டது. எங்கள் வகுப்பில் யாராவது தங்கள் கொப்பியைக் காப்பாற்றி வைத்திருந்தால் தயவுசெய்து மலர்க் குழுவினருக்குத் தெரிவியுங்கள், ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவேன்.